உன் ஊரின் மேல் எனக்குப் பொறாமை

அன்புள்ள கதிர்,

போன வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது நான் சந்தோஷமாகத்தான் பேசினேன் என்று நினைத்திருப்பாய். "அப்பா, தேதி குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் டவுன் ஹால்ல வெச்சு சிட்டிசன்ஷிப் சர்டிஃபிகேட் தர்றாங்க, மேயரே வர்றாரு. நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்" என்றாய். உன் அம்மா அப்போதே அலமாரியைத் திறந்து எந்தப் புடவை என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் "லீவு கிடைக்குதான்னு பாக்கணும்பா" என்றேன். அது பொய். எனக்கு லீவு நிறையக் கிடக்கிறது. இந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுப் போகப்போகிறவன் இருக்கிற லீவையெல்லாம் எடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்று ஆபீசிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து உனக்குக் கைதட்டுவதற்கு முன்னால் நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் "அங்க குளிர் எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டு வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். இன்று வெள்ளிக்கிழமை காலை, இந்த வளைகுடா நாட்டில் வார விடுமுறை. உன் அம்மா மனாமா கோயிலுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் ஏசி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

முதலில் உன் ஊரைப் பற்றி. அதன் பெயர் எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வராது. நடுவில் தொண்டையைச் செருமுவதுபோல ஓர் எழுத்து வருகிறது. அதனால் வீட்டில் நாங்கள் 'கதிர் ஊர்' என்றே சொல்லிக்கொள்கிறோம். போன வருஷம் ஜூன் மாதம் நாங்கள் வந்து இறங்கியபோது, இரண்டே பெட்டி உள்ள அந்த ரயிலிலிருந்து எங்களைத் தவிர யாரும் இறங்கவில்லை. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. டிக்கெட் அறையில் ஒரு பெண் பூக்கடை வைத்திருந்தாள். பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தால் ஒரு சின்ன ஆறு, அதன்மேல் கல் பாலம், அதைத் தாண்டினால் சதுக்கம், நடுவில் ஒரு பெரிய மரம், சுற்றிலும் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் தெரிகிற சுவர்களோடு வீடுகள். முப்பத்தோரு வருஷமாகக் கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிற எனக்கு அந்த வீடுகளில் ஒரு நேர்கோடுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் பக்கத்து வீட்டின் தோளில் கொஞ்சம் சாய்ந்துகொண்டிருந்தன. "நானூறு வருஷம் ஆச்சுப்பா, விழல" என்றாய். நீயே கட்டி முடித்ததைப்போல ஒரு பெருமை உன் குரலில். இங்கே மனாமாவின் குதைபியாவில் நீ தவழ்ந்து நடந்த நம் பழைய கட்டடம் முப்பது வருஷம்கூட நிற்கவில்லை. நீ காலேஜில் இருந்தபோது அதை இடித்து, கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். அன்று நீ போனில் "ஓ" என்று மட்டும் சொன்னாய். உன் ஊரின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு அந்த "ஓ" காதில் விழுந்தது. பொறாமை அங்கேயே தொடங்கிவிட்டது, கதிர். வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஸ்டேஷனிலிருந்து உன் வீடு வரைக்கும் ஏழு பேர் உனக்கு வணக்கம் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே வந்தேன். ரொட்டிக்கடை அம்மாள் கையில் ஒட்டிய மாவோடு வெளியே வந்து உன்னைக் "கட்டீர்" என்று கூப்பிட்டாள். "அப்படி இல்லை, கதிர்" என்று நான் ஆங்கிலத்தில் திருத்தினேன். அவள் பாவம் மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் கட்டீர் என்றே சொல்லிச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். "விடுங்கப்பா, எனக்குப் பழகிடுச்சு." நானும் உன் அம்மாவும் ஒன்பது மாதம் யோசித்து வைத்த பெயர் அது. அதை ஒரு ஊரே தப்பாகச் சொல்கிறது, நீ அதற்குத் திரும்பிப் பார்க்கிறாய். இங்கே நம் தெருவில் முப்பத்தோரு வருஷமாக நடக்கிறேன். கீழே கோல்ட் ஸ்டோர் என்று சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிற மலையாளியைத் தவிர என் பெயர் தெரிந்தவர் எவரும் இல்லை. அவரும் "சாரே" என்றுதான் கூப்பிடுவார்.

உன் அம்மாவுக்கு இந்த வியாதி எதுவும் வரவில்லை. வந்த மறுநாளே கீழ்வீட்டு வெர்னருடைய தோட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், பம்ப் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உன் வீட்டு ஓனர். அவருக்கு ஆங்கிலம் வராது, உன் அம்மாவுக்கு ஜெர்மன் வராது. ஆனாலும் காலை முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டே அவரைக் கொடிகளுக்கு இடையில் நின்றார்கள். அவர் முள்செடியிலிருந்து பறித்துக் கொடுத்த பச்சைக் காயை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது அரைநெல்லி மாதிரியே இருக்குங்க" என்று ஓடிவந்தாள். சாயங்காலத்துக்குள் அது ஊறுகாயாகிவிட்டது. வெர்னர் அதை ரொட்டியில் தடவித் தின்றார், கண்ணில் தண்ணீர் வர வர. "குட், குட்" என்றார். அவர்கள் சிரிப்பதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் கீழே இறங்கிப் போயிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. நீ ரசம் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடினாய். கீழே வெர்னரும் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. நாங்கள் பயந்தே போனோம். இரண்டு மணி நேரம் கழித்து, கனமான ஒரு கறுப்புச் சட்டையும் பூட்ஸுமாகத் திரும்பி வந்து, "ஒண்ணுமில்லப்பா, ரோட்டுல மரம் விழுந்துருச்சு, வெட்டிப் போட்டுட்டு வந்தோம்" என்றாய். அந்த ஊரில் தீயணைப்பு வேலையைச் சம்பளமில்லாமல் ஊர்க்காரர்களே செய்கிறார்கள் என்றும், இரண்டு வருஷமாக நீயும் அதில் ஒருவன் என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ சட்டையைக் கழற்றத் திரும்பினாய். முதுகில் பட்டையாக, வெளிச்சம் பட்டால் மின்னுகிற எழுத்தில், அந்த ஊரின் பெயர். மகன் நல்ல காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு நிறையும். எனக்கு நிறையவில்லை. நான் கேட்டதெல்லாம் "சாதம் ஆறிப்போச்சே, சூடு பண்ணட்டுமா" என்பதுதான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நின்று போனில் உன் சித்தப்பாவோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். நீ மெதுவாக வந்து, "அப்பா, கொஞ்சம் மெதுவா. நாங்க இங்க ஞாயித்துக்கிழமை சத்தம் போட மாட்டோம்" என்றாய். நாங்க. நீ யோசித்துச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தமிழில் 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. நாம என்றால் கேட்கிறவனும் உள்ளே, நாங்க என்றால் கேட்கிறவன் வெளியே. ஆங்கிலத்தில் அப்படிக் கிடையாது. ஜெர்மனிலும் ஒரே வார்த்தைதான் என்று அப்புறம் உன்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல். ஆக, அந்த ஊரின் அத்தனை பேரையும் வேலிக்கு உள்ளே வைத்துவிட்டு என்னை மட்டும் வெளியே நிறுத்தினாய் என்பது அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் கேட்டது. போனை வைத்துவிட்டு ஆற்றங்கரை வரைக்கும் தனியாக நடந்தேன்.

அந்த வாரம் நீ எங்களை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனாய். ஊருக்கு வெளியே, புல்வெளி நடுவில், நீல ஓடு பதித்த பழைய குளம். பாட்டி தாத்தாக்கள், கைக்குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள், எல்லோரும் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். செலவு தாங்கவில்லை என்று அதை மூடப் பார்க்கிறார்கள், செப்டம்பரில் ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யப்போகிறது, நீ அதைக் காப்பாற்றும் குழுவில் இருக்கிறாய் என்று சொன்னாய். சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தாய். நான் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன். நீ அக்கரை போய், திரும்பி வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். இருபத்தேழு வயதில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீச்சல் கற்றுக்கொண்டு, அவர்களுக்குக் கொடுக்கிற கடல்குதிரைப் படம் போட்ட பேட்ஜை நீயும் வாங்கினாய் என்று ஒருமுறை போனில் சொல்லியிருந்தாய். "இந்த வயசுல எதுக்குடா இது" என்று நான் கேட்டேன். இப்போது அதற்கு உண்மையான பதிலைச் சொல்கிறேன். நீ ஒரு தீவில் பிறந்தாய். எந்தப் பக்கம் போனாலும் கடல். உன்னுடன் படித்த பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கடலில் கிடக்கும்போது நான் உன்னை முழங்காலுக்கு மேல் இறங்க விட்டதில்லை. "ஆழம் தெரியாம எறங்காத" என்பேன். எனக்கே நீச்சல் தெரியாது என்பதுதான் காரணம். மகன் முன்னால் அதைச் சொல்ல வெட்கம். நான் உனக்குத் தராததை ஒரு ஊர் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தக் குளத்தை மூடிவிட்டால் நல்லது என்று அன்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷத்துக்கும் கூடுதலாகவே நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் ஊரில் எனக்கு அதிகமாக வலித்த இடம் கல்லறைத் தோட்டம். வெர்னர் தன் மனைவியின் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது நாமும் கூடப் போனோம். பச்சைப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்துப்போய், அவரவர் மனிதர்களுக்கு ஊற்றிவிட்டு, பக்கத்துக் கல்லறைக்கும் கொஞ்சம் ஊற்றினார்கள். வெர்னர் மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் ஏற்கெனவே பொறித்து வைத்திருக்கிறார், வருஷம் மட்டும் காலி. செத்தவர்களுக்குக்கூட முகவரி இருக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வாழ்கிற எங்களில் ஒருவருக்கும் போய்ச்சேரும் இடம் இன்னதென்று தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "அதுவும் நிரந்தரம் இல்லப்பா. இருபது முப்பது வருஷம்தான். அப்புறம் குடும்பத்துல யாராவது வந்து ரினியூ பண்ணணும்." நான் அங்கேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். உன் அம்மா முறைத்தாள். "செத்தவனுக்கும் விசா ரினியூவலா!" என்றேன். அந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

உன்மேல் எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அந்த நாட்களில் யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிக்கும்போதெல்லாம் உன் ஐந்தாம் வகுப்புக் கட்டுரை ஒன்று ஞாபகம் வந்தது. ஈசா டவுன் பள்ளியில் தமிழ் டீச்சர் 'எங்கள் ஊர்' என்று எழுதி வரச் சொல்லியிருந்தார். நீ எழுதியிருந்தாய்: "எங்கள் ஊர் குதைபியா. எங்கள் ஊரில் மூன்று கோல்ட் ஸ்டோர்களும் ஒரு சலூனும் ஒரு பூனையும் உள்ளன. பூனையின் பெயர் யல்லா." எல்லோரும் யல்லா, யல்லா என்று விரட்டியதால் நீயே அந்தப் பூனைக்கு வைத்த பெயர் அது. நான் ஆபீசிலிருந்து வந்த களைப்பில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். "இது நம்ம ஊரு இல்லடா. நாம இங்க வேலைக்கு வந்திருக்கோம். நம்ம ஊரு அருப்புக்கோட்டை." அப்புறம் நான் சொல்லச் சொல்ல, நீ இருபது நாள்கூடச் சேர்ந்தாற்போல் இருந்திராத ஓர் ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாய். டீச்சர் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். அந்த லீவில் அருப்புக்கோட்டைக்குப் போனபோது, பார்க்கிறவர்களெல்லாம் உன்னிடம் "எப்ப வந்த? எப்ப ஊருக்குப் போற?" என்றே கேட்டார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்து, "நம்ம ஊர்ல இருந்து எந்த ஊருக்குப்பா போறோம்?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.  நீ ஒருநாள் உனக்கென்று ஓர் ஊரைத் தேடிப் போவாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நாங்கள் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை காலை. நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் அம்மா தோட்டத்தில் பின்பக்கம் இருந்தாள். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தபால்காரப் பெண் சைக்கிளில் வந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கவரின் கண்ணாடித் தாளுக்குள் உன் பெயர், மேலே அலுவலக முத்திரை. நீ குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தது எனக்குத் தெரியும். சொன்னபோது "யோசிச்சுச் செய்" என்றிருந்தேன். நான் அதைப் பிரித்தேன். மாடிக்குக் கொண்டுபோய், போன் கேமராவை அதன்மேல் பிடித்தேன். ஜெர்மன் எழுத்துகள் நெளிந்து நெளிந்து தமிழாயின. உங்கள் குடியுரிமைச் சான்று ஒப்படைக்கத் தயாராக உள்ளது, இந்தத் தேதியில், இந்த மணிக்கு, பாஸ்போர்ட்டோடு நேரில் வரவும். தேதி மூன்று வாரம் தள்ளி இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். மகனை இழக்கிறோமே என்ற துக்கம் இல்லை. அப்படி இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம். எனக்கு ஏன் இது வரவில்லை என்றுதான் தோன்றியது. இந்த நாட்டைக் குறை சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டது, உன்னைப் படிக்க வைத்தது, வேலைக்கு மட்டும்தான் என்று முதல் நாள் சொன்ன வார்த்தையைக் கடைசி நாள் வரைக்கும் மாற்றவில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷமாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, "இன்னும் இரண்டு வருஷம் இரு" என்கிற முத்திரைக்காக நின்றவன் நான். நீ எட்டே வருஷத்தில், ஒரு மொழியைக் கற்றுக்கொண்டு, நாலு மரத்தை வெட்டிப்போட்டு, ஒரு குளத்துக்காகக் கோரிக்கைப் பலகை பிடித்து நின்று, "இனி நீ இங்கேதான்" என்று ஒரு ஊரை எழுதிக் கொடுக்க வைத்துவிட்டாய். சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் இல்லையே என்று தேடுகிறவனைப்போல அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு அதை மடித்து என் மருந்துச் சீட்டு ஃபைலுக்குள் வைத்து, ஃபைலைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

சாயங்காலம் நீ வந்ததும் கேட்டாய்: "போஸ்ட் ஏதாவது வந்துச்சாப்பா?"

"விளம்பரம்தான் வந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

நீ சரி என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாய்.

மனாமாவுக்குத் திரும்பிய பிறகும் நேரம் இருந்தது. அந்தத் தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது மனம் கேட்காமல் உன்னைக் கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போனை எடுத்தேன். நீ என்னைப் பேசவே விடவில்லை. குளத்துக்காக நாங்க கையெழுத்து வாங்கினோம், நாங்க கேக் விற்றோம், நாங்க ஊர்வலம் போனோம் என்று அடுக்கிக்கொண்டே போனாய். ஒவ்வொரு 'நாங்க'வுக்கும் என் வாய் இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில், "அங்க குளிர் எப்படி இருக்கு" என்றேன். "அப்பா, ஜூலை மாசம்பா இது" என்று சிரித்தாய். நான் வைத்துவிட்டேன். அந்தத் தேதி கடந்து போனது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நீ அலுவலகத்தில் விசாரித்தாய், கடிதம் அனுப்பினோமே, நீங்கள்தான் வரவில்லை என்றார்கள். புதிதாகத் தேதி கேட்டு, சம்பளச் சீட்டிலிருந்து எல்லாக் காகிதத்தையும் மறுபடி கொடுத்து, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாய். "போஸ்ட்ல எங்கயோ மிஸ் ஆயிருக்கும்பா" என்று என்னிடமே சொன்னாய். நான் "இருக்கும்" என்றேன். அந்தச் சைக்கிள் பெண்ணின்மேல் நீ பழியைப் போட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை. செப்டம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. நீ அழைத்தாய். பின்னால் ஒரே கூச்சல், பாட்டு. "ஜெயிச்சுட்டோம்பா! குளம் மூடல!" என்றாய். பிறகு கொஞ்சம் தணிந்து, "நான்தான் ஓட்டுப் போட முடியல, இன்னும் சிட்டிசன் இல்லையே. வெர்னர் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் அவரோட நாயைப் பிடிச்சுட்டு ஸ்கூல் வாசல்ல நின்னேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். இரண்டு வருஷம் பலகை பிடித்து நின்றவனை, அந்த ஒரு நாளில், நாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வைத்தவன் உன் அப்பன்.

டிசம்பரில் என் ரினியூவலுக்கு மெடிக்கல் ரிப்போர்ட் தேடும்போது உன் அம்மா ஃபைலைப் பிரித்தாள். ஜெர்மன் தெரியாவிட்டால் என்ன, உன் பெயரும் முத்திரையும் தெரியுமே.

"இது என்னங்க, கதிர் பேர் போட்டிருக்கு?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான்காம் நாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அவன் நம்மகிட்ட வரணும்னு உங்களுக்கு ஆசையா இருந்தா, வாடான்னு கூப்பிட்டிருக்கலாம். நீங்க கூப்பிடலையே. அவன் போற வாசலைப் பூட்டி வெச்சீங்க" என்றாள். நீயே அவனிடம் சொல்லிவிடேன் என்று கெஞ்சினேன். "நான் சொல்ல மாட்டேன். பொறாமைப்பட்டது நீங்க. வெக்கப்பட வேண்டியதும் நீங்கதான். ஆனா அவன் அந்தச் சர்டிஃபிகேட்டைக் கையில வாங்குறதுக்கு முன்னாடி சொல்லியாகணும்" என்றாள். அதற்கப்புறம் இன்று வரைக்கும் ஒரு வார்த்தை அதைப் பற்றி அவள் பேசியதில்லை. இன்று காலை கோயிலுக்குக் கிளம்பும்போது மட்டும் மேஜைமேல் பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

கதிர், தகப்பன்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்வார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை, இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, நீ போகாத இடத்துக்கு அது போய் நிற்கும்போது, உன் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று தைக்கும். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிடாதே. நான் அப்படித்தான் வைத்தேன். பிள்ளை தொலைவில் போகிறானே என்ற பாசம், தன் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்கிறானே என்ற பற்று, இப்படி நல்ல நல்ல பெயராக வைத்தேன். பெயர் நன்றாக இருந்ததால் என்னால் எதை வேண்டுமானாலும் செய்ய முடிந்தது.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இனி அதனால் உனக்குப் பயன் இல்லை. ஆனாலும் அது உன்னுடையது. விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை நானே தபால் அலுவலகத்துக்குப் போய் இரண்டையும் ஒரே கவரில் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்தத் தபால்காரப் பெண்ணிடம், தவறு அவளுடையது இல்லை என்று நீ சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லியே சொல். உன் அம்மா எப்படியும் வருவாள், டிக்கெட் போட்டாயிற்று. நான் வருவது உன் கையில். வேண்டாம் என்று தோன்றினால் வெட்கப்படாமல் சொல். லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம், அந்தப் பொய் எனக்கு ஏற்கெனவே பழக்கம். வா என்றால், கடைசி வரிசையில் உட்காருகிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. போன பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இந்தக் கடிதம் உன்னை வந்து சேரவே சேராது. இந்த டிசம்பரில் என் விசா ரத்தாகும். மதுரையில் வாங்கிப்போட்ட வீட்டுக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அறுபது வயதில் ஒரு ஊருக்குப் புதிதாகப் போய் இறங்குவது எப்படி என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். உன் ஊருக்கு நீ போன முதல் மாதம் யாருக்கு முதலில் வணக்கம் சொன்னாய், யார் பதில் சொல்லவில்லை, எத்தனை நாள் அழுதாய், எனக்கு எழுது. அந்த எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதை உன்னிடம் கேட்டதில்லை.

அந்த ஊர் உன்னை நன்றாக வைத்துக்கொள்ளட்டும். ஒருநாள் அப்படி வைத்துக்கொள்ளவில்லை என்றால், யாராவது உன்னை எங்கிருந்து வந்தவன் என்று கேட்டுவிட்டால், வெர்னரிடம் சொல்லும் முன் எனக்குச் சொல். கேட்டதும் உள்ளுக்குள் கொஞ்சம்கூடச் சந்தோஷப்பட மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அடுத்த விமானத்தில் வந்து உன் பக்கத்தில் நிற்பேன்.

அப்பா
குதைபியா